சாக்லேட்டில் இருக்கும் காஃபினைப் பிரித்தெடுக்க முடியுமா?
ஜவ்வாது மலையிலிருந்து வந்த கேள்வியும், பலாக்கொட்டை காட்டும் வழியும்

'ஜமுனாமரத்தூர் பக்கத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து சாமை மாவில் பிஸ்கட்டும் உருண்டையும் செய்து விற்கிறோம். பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்று கொஞ்சம் கோகோ பவுடர் சேர்க்கிறோம். கோடை விழாக் கடையில் வாங்க வந்த ஒருவர், கோகோவில் காஃபின் இருக்கிறதே, இதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காஃபினை எடுத்துவிட வழி இருக்கிறதா? கோகோவை நாங்களே மலையில் பயிர் செய்யலாமா?'

ஜவ்வாது மலையிலிருந்து வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. குழந்தைகளின் உடல்நலம், ஒரு சிறு குழுவின் வியாபாரம், மலை நிலத்தில் என்ன நடுவது என்ற முடிவு ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன. அதனால் தனிக் கட்டுரையாகவே பதில் தருகிறோம்.

முதலில் சுருக்கமான பதில்: கோகோவில் காஃபின் இருப்பது உண்மை. அதன் அளவு மிகக் குறைவு. ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்க முடியும். வீட்டிலோ, சிறு தொழிற்கூடத்திலோ முடியாது. பெரிய ஆலைகளுக்கும் அது கட்டுப்படியாகும் வேலை இல்லை. காஃபின் துளியும் வேண்டாம் என்றால், ஜவ்வாது மலையில் ஏற்கெனவே காய்த்துத் தொங்கும் பலாவிலேயே அதற்கு ஒரு மாற்று இருக்கிறது.

இனி விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு இருக்கிறது?

சாக்லேட் கோகோ விதையிலிருந்து வருகிறது. கோகோ விதையைப் புளிக்க வைத்து, காய வைத்து, வறுத்து, தோல் நீக்கினால் கிடைப்பது பருப்பு. அந்தப் பருப்பை அரைத்தால் கூழாகும். கூழை அழுத்திப் பிழிந்தால் கொழுப்பு தனியாக வரும். அதுதான் கோகோ வெண்ணெய். மிச்சமிருக்கும் பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். காஃபின் பெரும்பாலும் இந்தப் பிண்ணாக்குப் பகுதியில்தான் தங்குகிறது; வெண்ணெயில் அநேகமாக இல்லை. கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை மட்டும் சேர்த்துச் செய்யும் வெள்ளை சாக்லேட்டில் காஃபின் கிட்டத்தட்ட இல்லை என்று சொல்வது இதனால்தான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்துப் பட்டியலின்படி 100 கிராமில் இருக்கும் அளவு தோராயமாக இது:

- இனிப்பில்லாத கோகோ பவுடர்: காஃபின் 230 மி.கி., தியோபுரோமின் 2,060 மி.கி.
- 70 முதல் 85 சதவிகிதம் கோகோ உள்ள கறுப்பு சாக்லேட்: காஃபின் 80 மி.கி., தியோபுரோமின் 800 மி.கி.
- பால் சாக்லேட்: காஃபின் 20 மி.கி., தியோபுரோமின் 205 மி.கி.
- வெள்ளை சாக்லேட்: இரண்டும் இல்லை.

ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில், டிகாக்‌ஷன் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து, 60 முதல் 100 மி.கி. வரை காஃபின் இருக்கலாம். ஒரு டம்ளர் டீயில் 30 முதல் 50 மி.கி. 40 கிராம் பால் சாக்லேட் சாப்பிட்டால் உள்ளே போவது 8 மி.கி.தான். கறுப்பு சாக்லேட் என்றால் 32 மி.கி.

இப்போது வாசகியின் சாமை பிஸ்கட் கணக்கைப் போடுவோம். 1 கிலோ கலவையில் 50 கிராம் கோகோ பவுடர் சேர்த்து, 100 பிஸ்கட் சுடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தக் காஃபின் 115 மி.கி. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு மில்லி கிராமுக்குச் சற்று மேல். ஒரு குழந்தை ஒரே நேரத்தில் 5 பிஸ்கட் சாப்பிட்டாலும் 6 மி.கி.யைத் தாண்டாது.

இது அதிகமா, குறைவா? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வரை ஒரு நாளில் போனால் கவலைப்படத் தேவையில்லை. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 60 மி.கி. ஐந்து பிஸ்கட்டில் போவது அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே கடையில் கேட்டவருக்கு, 'இருக்கிறது. ஆனால் ஐந்து பிஸ்கட்டில் இருப்பது கால் டம்ளர் டீயில் இருப்பதைவிடவும் குறைவு' என்று தயங்காமல் பதில் சொல்லலாம்.

ஆனால் அதே குழந்தை காலையில் காபி, பள்ளியிலிருந்து வந்ததும் டீ, இடையில் கோலா பானம் என்று குடித்தால், கணக்கு அங்கேதான் ஏறுகிறது. காஃபினைக் குறைக்க நினைக்கும் வீட்டில் முதலில் கைவைக்க வேண்டியது டம்ளரில், பிஸ்கட்டில் இல்லை.

காஃபினின் அண்ணன்

மேலே உள்ள பட்டியலில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காஃபினைப் போலப் பத்து மடங்கு அளவில் தியோபுரோமின் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. சாக்லேட்டைப் பற்றிப் பேசும்போது நாம் காஃபினைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். உண்மையில் கோகோவின் முக்கியமான பொருள் இதுதான்.

இரண்டும் ஒரே குடும்பம். காபிச் செடியானாலும், கோகோ மரமானாலும், முதலில் தியோபுரோமினைத்தான் தயாரிக்கிறது. அதன் மேல் இன்னொரு சிறு கிளையை ஒட்டவைத்தால் அது காஃபின் ஆகிவிடுகிறது. காபிச் செடி இந்த வேலையைக் கடைசிவரை செய்து முடிக்கிறது. கோகோ மரம் பெரும்பாலும் தியோபுரோமினோடு நிறுத்திக்கொள்கிறது. பூச்சியும் விலங்கும் விதையைத் தின்னாமல் இருக்கத் தாவரம் தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் கசப்பு மருந்து என்று இவற்றைச் சொல்லலாம். நாம் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறோம். கோகோ மரம் விதைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

கோகோவின் தாவரவியல் பெயரான தியோபுரோமா என்பதற்குக் கிரேக்க மொழியில் கடவுளரின் உணவு என்று பொருள். அந்தப் பெயரிலிருந்து வந்ததே தியோபுரோமின். புரோமின் என்ற வேதிப்பொருளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1841-ல் கோகோ விதையிலிருந்து இதைப் பிரித்துக் கண்டறிந்தார்கள். காஃபினை அதற்கு முன்பே, 1819-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ருங்கே என்ற வேதியியலாளர் காபிக் கொட்டையிலிருந்து பிரித்துவிட்டார்.

தியோபுரோமின் மனிதர்களின் மூளையைக் காஃபின் அளவுக்குத் தட்டி எழுப்புவதில்லை. தூக்கத்தை விரட்டும் வேகமும் குறைவு. ஆனால் உடலில் அதிக நேரம் தங்கும். சிறுநீரைக் கொஞ்சம் அதிகம் போக வைக்கும். சாதாரண அளவில் மனிதர்களுக்கு ஆபத்து இல்லை. நாய்க்கு அப்படி இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

வறுத்தால் போகுமா, கழுவினால் போகுமா?

'நன்றாக வறுத்துவிட்டால் காஃபின் போய்விடும்' என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. காஃபின் ஆவியாக மாறுவதற்கு ஏறக்குறைய 178 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கோகோ விதையை வறுப்பது பொதுவாக 110 முதல் 140 டிகிரிக்குள். அதற்கு மேல் போனால் காஃபின் போவதற்கு முன்பே கோகோ கருகிவிடும்.

'தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டினால்?' காஃபின் தண்ணீரில் நன்றாகவே கரையும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் அளவுக்குக் கரைந்துவிடும். கொதிநீரில் இன்னும் பல மடங்கு. ஆனால் தியோபுரோமின் அதே ஒரு லிட்டரில் அரை கிராம் அளவுக்குக்கூடச் சுலபமாகக் கரையாது. ஊறவைத்தால் கொஞ்சம் காஃபின் போகும். கூடவே மணமும் ருசியும் போய்விடும். தியோபுரோமின் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

புளிக்க வைக்கும்போது மட்டும் இயற்கையாகவே கொஞ்சம் குறைகிறது. பழத்தை உடைத்து, விதையைச் சதையோடு குவித்து வாழையிலை போட்டு மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்டி, 5 முதல் 7 நாள் வைப்பார்கள். உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல் ஏறும். அப்போது விதை செத்து, உள்ளே இருக்கும் கசப்புப் பொருள்களில் ஒரு பகுதி வெளித்தோலுக்கு நகர்கிறது. தோலை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். சரியாகப் புளித்த கோகோ கசப்புக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு தோலில் தியோபுரோமின் சேர்வதற்கும் இதுதான் காரணம்.

காபியில் முடிந்தது, கோகோவில் ஏன் முடியவில்லை?

காபியில் காஃபினை நீக்கும் வேலை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தைச் சேர்ந்த காபி வியாபாரி லுட்விக் ரோசெலியஸ், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக அளவில் இதைச் செய்துகாட்டினார். பச்சைக் காபிக் கொட்டையை ஆவியில் ஊறவைத்து, பென்சீன் என்ற கரைப்பானால் காஃபினை எடுத்தார். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்று பிறகு தெரிந்ததால் அந்த முறை கைவிடப்பட்டது.

இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. பென்சீனுக்குப் பதிலாக வேறு கரைப்பான்களைப் பயன்படுத்துவது ஒன்று. வெந்நீரில் எடுத்து, கரி வடிகட்டியில் காஃபினை மட்டும் பிடித்துக்கொள்வது இரண்டாவது. கரியமில வாயுவை மிக அதிக அழுத்தத்தில் செலுத்துவது மூன்றாவது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தமும் கொடுத்தால், வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு இடைநிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் அது ஈரமான காபிக் கொட்டைக்குள் புகுந்து காஃபினை இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த கர்ட் சோசல் 1960-களில் இதைக் கண்டறிந்தார்.

இதே இயந்திரத்தில் கோகோவைப் போட்டால் என்ன? இங்கேதான் சிக்கல். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, கொழுப்பு. காபிக் கொட்டையில் கொழுப்பு பத்துப் பதினைந்து சதவிகிதம். கோகோ பருப்பில் பாதிக்கும் மேல் கொழுப்பு. காஃபினை எடுக்கப் போகும் கரைப்பான் கோகோ வெண்ணெயையும் சேர்த்து இழுத்துவிடும். சாக்லேட் வாயில் போட்டதும் கரைவது அந்த வெண்ணெயால்தான். விலை அதிகமான பகுதியும் அதுதான். பிரேசில் ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் கரியமில வாயு முறையைக் கோகோ விதையில் சோதித்துப் பார்த்தார்கள். காஃபின் வந்தது, வெண்ணெயும் வந்தது. தியோபுரோமின் மட்டும் லேசில் வரவில்லை.

இரண்டாவது, மணம். காபிக்கு மணம் வறுக்கும்போதுதான் பிறக்கிறது. பச்சைக் கொட்டையில் காஃபினை எடுத்துவிட்டுப் பிறகு வறுத்தால் சேதம் குறைவு. கோகோவில் மணத்துக்கான விதை புளிக்கும்போதே விழுந்துவிடுகிறது. அப்போது உருவாகும் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் தண்ணீரில் கரையக்கூடியவை. கழுவினால் அவைதான் முதலில் போகும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் முழுதாக வராது.

மூன்றாவது, பணம். வெண்ணெயைத் தனியாகப் பிழிந்து, பவுடரில் மட்டும் காஃபினை நீக்கி, மறுபடியும் இரண்டையும் சேர்க்கலாம். தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் இவ்வளவும் செய்வது ஒரு சாக்லேட்டில் இருக்கும் 8 மி.கி.க்காக. அதற்குக் காசு கொடுக்க ஆள் குறைவு. அப்படிச் செய்தாலும் தியோபுரோமின் மிச்சமிருக்கும். அதனால்தான் காஃபின் நீக்கிய காபி கடையில் கிடைக்கிறது. காஃபின் நீக்கிய சாக்லேட்டைக் காண்பது அரிது.

ஒரு எச்சரிக்கை. 'காஃபின் நீக்கித் தருகிறேன்' என்று யாராவது இயந்திரமோ, பொடியோ, கரைசலோ விற்க வந்தால் வாங்க வேண்டாம். உயர் அழுத்தக் கலன் வீட்டுத் தொழிலுக்கானது இல்லை. கரைப்பான்கள் உணவுக் கூடத்துக்குள் வரவே கூடாது.

எடுப்பதைவிட, குறைவான ரகம்

கோகோவில் எல்லா ரகத்திலும் காஃபின் ஒரே அளவில் இல்லை. கிரியோலோ என்ற பழைய வகையில் தியோபுரோமினோடு ஒப்பிட்டால் காஃபின் கூடுதல். ஃபொராஸ்டிரோ வகையில் காஃபின் குறைவு, தியோபுரோமின் அதிகம். இந்தியாவில் இன்று பயிராவது பெரும்பாலும் ஃபொராஸ்டிரோ. அதாவது நம் ஊர்க் கோகோவில் காஃபின் ஏற்கெனவே குறைந்த பக்கம்தான்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவுக்குக் கோகோ முதலில் வந்து இறங்கியது குற்றாலத்தில். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இன்றைய இந்தோனேசியாவின் அம்பாய்னா தீவிலிருந்து கொண்டுவந்து அங்கே நட்டார்கள். அது கிரியோலோ வகை. அந்த முயற்சி வணிகப் பயிராக வளரவில்லை. 1965-ல் கேரளத்தின் வயநாட்டில் சுண்டேல் என்ற இடத்தில் கேட்பரி நிறுவனம் மாதிரிப் பண்ணை அமைத்த பிறகுதான் கோகோ நம் பக்கத்தில் பரவியது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலை, தேனி பகுதிகளில் தென்னைக்கு ஊடுபயிராக நிற்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் சொந்தத் தோட்டத்துக் காயிலேயே சாக்லேட் செய்து விற்கும் விவசாயக் குடும்பங்களும் இருக்கின்றன.

ஜவ்வாது மலையில் கோகோ நடலாமா?

வாசகியின் இரண்டாவது கேள்வி இது. அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

கோகோவுக்கு ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மி.மீ. மழை வேண்டும், அதுவும் மாதத்துக்கு 90 முதல் 100 மி.மீ. என்று பரவலாக. மழை குறைந்த இடத்தில் பாசனம் கட்டாயம். நிழல் வேண்டும், காற்றில் ஈரம் வேண்டும், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஜவ்வாது மலையில் மழை பெரும்பகுதி ஆடிக்குப் பிறகு சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாசி, பங்குனி தொடங்கினால் வறட்சி; மார்கழி, தையில் இரவுக் குளிர். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் சொட்டுநீர் ஓடுகிறது. மலையில் மானாவாரிச் சாமைக் கொல்லையில் அது இல்லை. கிணற்றுத் தண்ணீர் வற்றாத தோப்பு வைத்திருப்பவர் பத்துச் செடி நட்டுப் பார்க்கலாம். சாமையை எடுத்துவிட்டுக் கோகோ வைக்கும் யோசனை வேண்டாம்.

விலை விஷயத்திலும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1970-களில் கேரளத்தில் கோகோ வேகமாகப் பரவியது. 80-களின் தொடக்கத்தில் விலை விழுந்ததும், வாங்க ஆளில்லாமல் பல விவசாயிகள் மரத்தையே வெட்டினார்கள். பிறகு கேம்ப்கோ கூட்டுறவு நிறுவனம் கொள்முதலில் இறங்கி, 1986-ல் கர்நாடகத்தின் புத்தூரில் சாக்லேட் ஆலை தொடங்கிய பிறகுதான் நிலைமை சீரானது. வாங்குபவர் பக்கத்தில் இல்லாத பயிரை நட்டுவிட்டு வாங்குபவரைத் தேடக் கூடாது.

பலாக்கொட்டையில் சாக்லேட் மணம்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சுட்டும், குழம்பில் போட்டும் சாப்பிடுகிறோம். மிச்சம் குப்பைக்குப் போகிறது. அந்தக் கொட்டையில்தான் நம் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலாக்கொட்டையைப் பக்குவப்படுத்தி வறுத்தால் சாக்லேட் மணம் வருகிறது என்று 2017-ல் வெளியிட்டார்கள். வெவ்வேறு வெப்பத்தில், வெவ்வேறு நேரம் வறுத்து 27 வகை மாவு தயாரித்து, மனிதர்களைக் கொண்டே முகர்ந்து பார்க்க வைத்தார்கள். நேராகக் காய வைத்தது, அமிலத்தில் ஊறவைத்தது, புளிக்க வைத்தது என மூன்று பக்குவம். புளிக்க வைப்பதற்குப் பலாச்சதையையும் வாழையிலையையும் பயன்படுத்தினார்கள். அதாவது கோகோவுக்குச் செய்வதையே பலாவுக்கும் செய்தார்கள். சாக்லேட் மணத்துக்குக் காரணமான பைரசின் வகைப் பொருள்கள் வறுத்த பலாக்கொட்டையிலும் உருவாகின்றன. அடுத்து நடந்த ஆய்வில், கப்புச்சினோ பானத்தில் சேர்க்கும் கோகோ பவுடரில் பாதி முதல் முக்கால் பங்குவரை புளிக்கவைத்த பலாக்கொட்டை மாவைப் போட்டும் குடித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பலாக்கொட்டையில் காஃபின் இல்லை, தியோபுரோமினும் இல்லை.

சிறிய அளவில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழிமுறை:

1. நன்றாகப் பழுத்த பழத்தின் கொட்டையை எடுங்கள். முளைவிட்டது, பூஞ்சை பிடித்தது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.
2. முதல் முயற்சிக்குப் புளிக்கவைக்க வேண்டாம். கழுவி, வெளியே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி வெயிலில் காய வையுங்கள். ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும்.
3. கனமான வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். காபிக் கொட்டை நிறத்துக்குச் சற்று முன்பு, இனிப்பும் கசப்பும் கலந்த மணம் எழும்பும்போது இறக்குங்கள். கருகினால் கசப்பு மட்டுமே மிஞ்சும்.
4. ஆறவைத்து, அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பச்சைக் கொட்டையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வெப்பத்தில் அவை அழிந்துவிடும். அதனால் அரைகுறையாக வறுத்த மாவைப் பயன்படுத்தக் கூடாது. பச்சைக் கொட்டையில் பாதிக்கு மேல் ஈரம்தான். ஒரு கிலோ கொட்டையில் அரை கிலோவுக்கும் குறைவாகத்தான் மாவு கிடைக்கும். விலை வைக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

புளிக்கவைக்கும் முறையில் மணம் கூடுதலாக வரும். ஆனால் தவறினால் பூஞ்சை பிடித்து மொத்தமும் கெடும். அதை வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உணவுப் பதப்படுத்தும் பயிற்சி மையத்திலோ ஒருமுறை கற்றுக்கொண்டு செய்வதே நல்லது.

இது சாக்லேட்டின் நகல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோகோ வெண்ணெயின் வழவழப்பு இதில் வராது; நிறமும் வெளிர் பழுப்புதான். கட்டி சாக்லேட் செய்ய இது உதவாது. பிஸ்கட், உருண்டை, சத்துமாவுக் கஞ்சி, பாலில் கலக்கும் பொடி ஆகியவற்றுக்குப் பொருந்தும். முதலில் கோகோ பவுடரில் பாதியை மாற்றிப் பாருங்கள். பிள்ளைகள் சாப்பிட்டால் பிறகு முழுதாக மாற்றலாம்.

பெயர் வைக்கும்போது கவனம்

கோகோ சேர்க்காத பொருளுக்குச் 'சாக்லேட் பிஸ்கட்' என்று அச்சிடக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதிப்படி சாக்லேட் என்ற பெயருக்குக் குறிப்பிட்ட அளவு கோகோ இருக்க வேண்டும். 'வறுத்த பலாக்கொட்டை – சாமை பிஸ்கட்' என்றே போடுங்கள். மலைப் பொருள் என்று தெரிவது விற்பனைக்கும் நல்லது. பாதி கோகோ கலந்த பிஸ்கட்டில் 'காஃபின் இல்லாதது' என்று போடுவது பொய். முழுக்கப் பலாக்கொட்டையில் செய்தாலும், அப்படி அச்சிடும் முன் ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நாய்க்கும் மாட்டுக்கும் ஆகாது

கோகோ பவுடர் வைத்திருக்கும் வீடுகளுக்கும், கோகோ தோட்டம் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இது முக்கியம்.

மனித உடல் தியோபுரோமினை ஓரளவு வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. போனாலே வாந்தி, பேதி, நிலைகொள்ளாமல் அலைதல் தொடங்கும். 40, 50 மி.கி.யைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60 மி.கி.யில் வலிப்பு வரும், உயிரும் போகலாம்.

15 கிலோ எடையுள்ள காவல் நாய்க்கு 300 மி.கி. போதும், தொல்லை தொடங்கிவிடும். அது வெறும் 15 கிராம் கோகோ பவுடர். பால் சாக்லேட் என்றால் 150 கிராம். பிஸ்கட் செய்யும் இடத்தில் கோகோ டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் எவ்வளவு தின்றது என்ற கணக்கோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வறுத்த கோகோ விதையின் தோல். அதில் தியோபுரோமின் 1 சதவிகிதம் வரை இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் தியோபுரோமின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது: பொதுவாகக் கிலோவுக்கு 300 மி.கி., பன்றித் தீவனத்தில் 200, நாய், குதிரை, முயல் தீவனத்தில் 50. விதைத் தோல் மலிவாகக் கிடைக்கிறது என்று அள்ளிப் போட்டால் பால் குறையும், கன்று சோர்ந்துபோகும். மட்கவைத்து உரமாக்குங்கள், அது நல்ல உரம். உரக்குழியை நாய் கிளறாத இடமாகப் பார்த்து அமையுங்கள்.

கேட்டதும் சொன்னதும்

*கர்ப்பிணிகள் சாக்லேட் சாப்பிடலாமா?*
அளவோடு சாப்பிடலாம். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 200 மி.கி. காஃபினைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் அறிவுரை. கர்ப்ப காலத்தில் காஃபின் உடலைவிட்டு வெளியேற அதிக நேரம் ஆகும். இரண்டு டம்ளர் கெட்டிக் காபி குடிப்பவர் முதலில் அதைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தம் போன்ற தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

*இரவில் சாக்லேட் சாப்பிட்டால் தூக்கம் கெடுமா?*
சிறு துண்டு பால் சாக்லேட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. கறுப்பு சாக்லேட் நூறு கிராம் சாப்பிட்டால், ஒரு டம்ளர் காபி குடித்தது போலத்தான். காஃபினுக்கு உடல் எளிதில் மசியக்கூடியவர்கள் மாலைக்குப் பிறகு தவிர்க்கலாம்.

*காஃபின் நீக்கிய காபியில் காஃபின் சுத்தமாக இருக்காதா?*
சிறிதளவு இருக்கும். 'நீக்கியது' என்றால் பெரும்பகுதி நீக்கியது என்று பொருள், பூஜ்யம் இல்லை.

*கேழ்வரகு, சாமையில் காஃபின் உண்டா?*
இல்லை. எந்தச் சிறுதானியத்திலும் இல்லை. முளைகட்டி வறுத்த கேழ்வரகு மாவும் பழுப்பு நிறமும் நல்ல மணமும் தரும். பலாக்கொட்டை கிடைக்காத மாதங்களில் கோகோவின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதையும் சேர்க்கலாம்.

கேள்வி கேட்ட வாசகிக்கும் அவர் குழுவினருக்கும்: இப்போது செய்யும் பிஸ்கட்டை நிறுத்த வேண்டியதில்லை. கோகோ 5 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறையில் 'கோகோ சேர்த்தது' என்று தெளிவாகப் போடுங்கள். அடுத்த பலாப் பருவத்தில் பத்துக் கிலோ கொட்டையை ஒதுக்கி வைத்து, மேலே சொன்ன முறையில் ஒரு கை பாருங்கள். எந்தப் பக்குவத்தில் மணம் நன்றாக வந்தது, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்பினால், மற்ற மலைக் குழுக்களுக்கும் பயன்படும்படி வெளியிடுவோம்.